காலி சிடியில் எதைப் பார்த்து வாங்குவது?

பாட்டுப் பதிவதற்குக் காலி சிடி வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியில் உள்ள பிராண்டைத்தான். சோனி நன்றாக இருக்கும், டிடிகே பரவாயில்லை, பெயர் தெரியாதது வேண்டாம் என்று ஒரு வரிசை பலர் மனதிலும் உண்டு. கேசட் காலத்தில் அந்த வரிசைக்கு அர்த்தம் இருந்தது. டிடிகே கேசட்டுக்குள் ஓடியது டிடிகே தயாரித்த நாடா. மேக்செல் கேசட்டில் மேக்செல்லின் நாடா. பதிவு செய்யும் சிடி, அதாவது சிடி-ஆர், வந்த பிறகு பழக்கம் மட்டும் மிஞ்சியது, அதன் அடிப்படை போய்விட்டது. பெரிய பிராண்டுகள் பலவும் சிடி-ஆரை வெளி ஆலைகளிடம் வாங்கித் தங்கள் பெயரை அச்சிட்டு விற்றன. சோனி, டிடிகே, மேக்செல், ஃபியூஜி எல்லாமே ஏதாவது ஒரு கட்டத்தில் அப்படிச் செய்தவைதான். மெமோரெக்ஸ் பெயரில் வந்தவை பெரும்பாலும் தைவான் சரக்கு.

விளைவு என்னவென்றால், ஒரே பிராண்ட், ஒரே வேக எண், ஒரே அட்டை கொண்ட இரண்டு பெட்டிகளில் ஒன்று ஜப்பானிலும் மற்றது தைவானிலும் செய்ததாக இருக்கலாம். உள்ளே பூசியிருக்கும் சாயமே வேறாக இருக்கலாம். "அந்த பிராண்ட் அருமை, பத்து வருஷமா பாடுது" என்கிறவரும், "அதை வாங்கவே வாங்காதே, காரில் எடுக்கவே இல்லை" என்கிறவரும் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது ஒரே பெயரிலான இரண்டு வேறு பொருள்களைப் பற்றி.

உலகத்தின் சிடி-ஆர்களில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளிலிருந்து வந்தது. ஜப்பானில் தாயோ யூடென், மிட்சுபிஷி கெமிக்கல், மிட்சுய். தைவானில் ரைடெக், சிஎம்சி மேக்னெடிக்ஸ். இந்தியாவில் மோசர் பேயர். வெர்பேட்டிம் என்ற பிராண்ட் 1990 முதல் மிட்சுபிஷியின் கையில் இருந்தது. இந்த ஆறு பெயரையும் தெரிந்து வைத்திருப்பது, பெட்டியில் உள்ள அறுபது பெயரைத் தெரிந்து வைத்திருப்பதைவிடப் பயன் தரும்.

சாயம்தான் விஷயம்

கடையில் விற்கும் பாட்டு சிடி அச்சில் அழுத்திச் செய்தது. அதில் குழிகள் நிஜமாகவே பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும், மேலே அலுமினியப் பூச்சு. சிடி-ஆரில் குழி கிடையாது. 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் தட்டு. அதில் உள்ளிருந்து வெளியே சுழன்று போகும் ஒரு பள்ளம். பள்ளத்தின் மேல் மெல்லிய சாயப் பூச்சு. அதன் மேல் வெள்ளி அல்லது தங்கம். அதற்கும் மேல் ஒரு வார்னிஷ், கடைசியில் அச்சிட்ட பெயர். கோடு போட்ட நோட்டில் எழுதுவதுபோல, ரைட்டரின், அதாவது சிடியைப் பதியும் கருவியின், லேசர் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சாயத்தை ஆங்காங்கே சூடாக்குகிறது. சூடுபட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். பிளேயருக்கு அது குழி மாதிரியே தெரியும்.

இதில் ஒரு விஷயம் பலரும் கவனிக்காதது. பாட்டு இருக்கும் அடுக்கு, நாம் பத்திரமாகப் பிடிக்கும் பளபளப்பான அடிப்பக்கத்துக்கு அருகில் இல்லை. பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு அடியில், ஒரு வார்னிஷ் பூச்சு மட்டும் காவலாக இருக்கிறது. அடியில் விழும் கீறலைப் பெரும்பாலும் தேய்த்து மெருகேற்றிவிடலாம். மேலே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி "இளையராஜா - 3" என்று எழுதினால் அந்த இடத்துச் சாயமும் உலோகமும் நசுங்கிப் போகும். அதற்கு வைத்தியம் கிடையாது.

சாயங்கள் மூன்று வகை. முதலாவது சயனின். 1988-இல் தாயோ யூடென் நிறுவனம் சிடி-ஆரை உருவாக்கியபோது பயன்படுத்தியது இதைத்தான். அவர்களுக்கு இருந்த சவால் வெறுமனே எழுதுவது அல்ல. அதற்குள் உலகம் முழுக்க விற்றிருந்த சாதாரண சிடி பிளேயர்கள் அந்தத் தட்டை வித்தியாசம் தெரியாமல் படிக்க வேண்டும். சாயத்தின் பின்னால் தங்கத்தைப் பூசி, ஒளி திரும்பும் அளவை 65 சதவீதத்துக்கு மேலே கொண்டுவந்து இதைச் சாதித்தார்கள். அச்சு சிடிக்கு அந்த அளவு 70 சதவீதம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து எழுதிய சிடி-ஆர் விதிமுறை, ஆரஞ்சுப் புத்தகம் என்று தொழிலில் சொல்வது, இந்தச் சாயத்தை மனதில் வைத்தே உருவானது. அதனால் பழைய ரைட்டர்களுக்கும் பழைய பிளேயர்களுக்கும் சயனின் நன்றாக ஒத்துப்போகும். ரைட்டரின் லேசர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். குறை, வெயில். வெளிச்சத்தில் இது மற்றவற்றைவிடச் சீக்கிரம் கெடும். பின்னால் நிலைப்படுத்தும் பொருள்களைச் சேர்த்து இந்தக் குறையை ஓரளவு சரி செய்தார்கள்.

இரண்டாவது தாலோசயனின். மிட்சுய் இதைப் பிரபலமாக்கியது. தைவான் ஆலைகளும் பின்னால் இதையே பெரிதும் எடுத்துக்கொண்டன. வெளிச்சத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் பதியும்போது லேசரின் சக்தி சரியாக அமைய வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பிழை ஏறும். சயனினுக்கு நீளமான துடிப்பு, இதற்குக் குட்டையான துடிப்பு என்று ரைட்டர் பதியும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்றாவது, மிட்சுபிஷியின் உலோக அஸோ. வெர்பேட்டிமின் ஆழ்ந்த நீல சிடி இதுதான்.

அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அடர் நீலம் என்றால் அஸோ. பச்சை, அல்லது நீலம் கலந்த பச்சை என்றால் சயனின். பின்னால் தங்கம் இருந்தால் பச்சை தூக்கலாகவும் வெள்ளி இருந்தால் நீலம் தூக்கலாகவும் தெரியும். கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் வெள்ளியாகவோ, வெளிர் பொன்னாகவோ இருந்தால் தாலோசயனின். கறுப்பு சிடிகளில் மட்டும் இந்த வேலை நடக்காது, ஏனென்றால் அங்கே பிளாஸ்டிக்குக்கே சாயம் ஏற்றியிருக்கிறார்கள். 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அந்தக் கறுப்பைத் தாண்டிப் போய்விடும். நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. கறுப்பு சிடியில் இசை ஆழமாகக் கேட்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்கிறவர் சந்தோஷத்தை நான் ஏன் கெடுப்பானேன்.

சாயத்துக்குப் பின்னால் இருக்கும் உலோகமும் கணக்கில் வரும். தொடக்கத்தில் எல்லாமே தங்கம். விலை குறைக்கவும், ஒளி இன்னும் நன்றாகத் திரும்பவும் வெள்ளிக்கு மாறினார்கள். வெள்ளி காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும், வீட்டுக் குத்துவிளக்கின் பக்கத்தில் வைத்த வெள்ளிக் கிண்ணம் கறுப்பதும் அதே வேதியியல்தான். வார்னிஷ் ஓரத்தில் சரியாக மூடவில்லை என்றால் கறுப்பு வெளி விளிம்பிலிருந்து உள்ளே நகரும். ஆடியோ சிடியில் பாட்டு உள்ளிருந்து வெளியே பதிவாவதால் முதலில் அடிபடுவது கடைசிப் பாட்டு. பழைய சிடி ஒன்று கடைசி இரண்டு பாட்டில் மட்டும் திக்கினால் முதலில் விளிம்பைப் பாருங்கள்.

ஆயுள் பற்றிப் பெட்டியில் "100 ஆண்டுகள்" என்று போட்டிருப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பழம்பொருள்களையும் ஆவணங்களையும் பேணுவதற்கான கனடாவின் பாதுகாப்பு நிறுவனம் தன் வழிகாட்டியில் நூறாண்டுக்கு மேல் என்று சொல்வது ஒரே ஒரு சேர்க்கையை: தாலோசயனின் சாயம், பின்னால் தங்கம். அதே சாயம் வெள்ளியோடு என்றால் 50 முதல் 100 ஆண்டு. சயனினும் அஸோவும் வெள்ளியோடு 20 முதல் 50. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் நடத்திய சோதனைகளும் ஏறக்குறைய இதே திசையைத்தான் காட்டின. இதெல்லாம் நல்ல முறையில் பதிந்து, குளிர்ந்த, உலர்ந்த, இருட்டான அறையில் வைத்த தட்டுக்கு. சென்னையில் மே மாதம் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டுக்கு யாரும் ஆயுள் கணக்குப் போட்டுத் தரவில்லை.

'மியூசிக்' என்று போட்ட பெட்டி

கடையில் அருகருகே இரண்டு பெட்டி. ஒன்றில் சும்மா சிடி-ஆர், இன்னொன்றில் "மியூசிக்" அல்லது "டிஜிட்டல் ஆடியோ" என்று போட்டு விலை கூடுதலாக இருக்கும். பாட்டுப் பதியத்தானே போகிறோம், அப்படியானால் மியூசிக் சிடிதானே நல்லது என்று கை அதை எடுக்கும். இங்கே பெரும்பாலானவர்கள் தேவையில்லாமல் காசு கொடுத்தார்கள்.

இரண்டுக்கும் சாயத்தில், உலோகத்தில், பிளாஸ்டிக்கில் கட்டாய வித்தியாசம் எதுவும் கிடையாது. வித்தியாசம், தட்டின் பள்ளத்திலேயே ஆலை பொறித்து வைக்கும் தகவலில் உள்ள ஒரு சின்னக் குறியீடு. "இது ஆடியோ பதிவுக்கான தட்டு" என்று அது சொல்லும். அதன் பின்னால் இருப்பது சட்டம். அமெரிக்காவில் 1992-இல் வந்த வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம், டிஜிட்டல் ஆடியோ பதிவுக் கருவிகளுக்கு 2 சதவீதமும் அவற்றுக்கான காலித் தட்டு, நாடாக்களுக்கு 3 சதவீதமும் தீர்வை போட்டது. அந்தப் பணம் பாடியவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் இசை நிறுவனங்களுக்கும் பிரித்துக் கொடுக்க. பதிலுக்கு, வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பதிகிறவர்மீது வழக்குப் போட முடியாது. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டருக்கான தட்டும் இந்தத் தீர்வைக்குள் வரவில்லை.

1990-களின் பிற்பகுதியில் பிலிப்ஸ் முதலானோர் ஸ்டீரியோ அலமாரியில் கேசட் டெக்குக்குப் பக்கத்தில் வைக்கும் தனி சிடி ரெக்கார்டர்களை விற்றார்கள். அவற்றில் சாதாரணத் தட்டைப் போட்டால் பதிய மறுக்கும். அந்தக் குறியீடு இருந்தால்தான் வேலை செய்யும். பதிந்த தட்டிலிருந்து மறுபடி டிஜிட்டல் நகல் எடுக்கவும் விடாது. ஆக மியூசிக் சிடி தேவைப்படுவது அந்தக் கருவி வைத்திருப்பவருக்கு மட்டும். அவருக்கு வேறு வழியும் இல்லை. கம்ப்யூட்டரில் பதிகிறவருக்கு அந்தக் குறியீட்டால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

கனடா இன்னும் எளிய வழியை எடுத்தது. எந்தக் காலி சிடியாக இருந்தாலும் தீர்வை. 2008 முதல் தட்டுக்கு 29 சென்ட். மொத்தமாக வாங்கும்போது தட்டின் விலையைவிடத் தீர்வை பெரிதாக இருந்த காலமும் உண்டு. கல்யாண போட்டோவையும் அலுவலகக் கணக்கையும் பதிய வாங்கியவரும் பாடகர்களுக்குப் பணம் கட்டினார். ஜெர்மனியில் இந்த யோசனை 1965-லேயே, டேப் ரெக்கார்டர் காலத்திலேயே, சட்டமாகிவிட்டது.

இந்தியாவில் இப்படிப்பட்ட தீர்வை வந்ததில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. 2012-இல் திருத்தும் வரை அந்த வாசகத்தில் இலக்கியம், நாடகம், இசை, கலைப் படைப்பு என்றுதான் இருந்தது. ஒலிப்பதிவு என்ற சொல் இல்லை. திருத்தத்துக்குப் பின் கணினி நிரல் தவிர எந்தப் படைப்புக்கும் என்று ஆனது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து காருக்கு ஒரு நகல் எடுப்பது இதற்குள் அடங்கும் என்றே நான் நினைக்கிறேன். நகலெடுத்து விற்பது அடங்காது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்த தமிழ்நாட்டில், இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக யோசித்ததில்லை என்பது வேறு கதை. அந்தக் கடைகளில் பலவும் பின்னால் ஒரு கம்ப்யூட்டரும் சிடி ரைட்டரும் வாங்கிப் போட்டு அதே தொழிலைத் தொடர்ந்தன.

80 நிமிடமா, 150 பாட்டா

74 நிமிடம், 80 நிமிடம் என்ற இரண்டு அளவில் சிடி-ஆர் வந்தது. இன்று கிடைப்பது 80 மட்டுமே. பள்ளத்தைக் கொஞ்சம் நெருக்கிச் சுற்றி அந்த ஆறு நிமிடத்தைச் சேர்த்தார்கள், எல்லா பிளேயரும் அதற்குப் பழகிவிட்டன. 90, 99 நிமிடம் என்று போட்டு விற்றவை விதிமுறைக்கு வெளியே போனவை. கச்சேரி முழுதும் ஒரே தட்டில் வரும் என்ற ஆசையில் வாங்கினால், பாதி பிளேயர்களில் கடைசித் தில்லானா வராது.

அதே 700 மெகாபைட் தட்டில் எம்பி3 ஆகப் போட்டால், 128 கிலோபிட் அளவில், ஐந்து நிமிடப் பாட்டு நூற்று நாற்பது, நூற்றைம்பது வரை அடங்கும். ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் ஒரு காலத்தில் குவிந்து கிடந்த எம்பி3 சிடிகளின் கணக்கு இதுதான். இதில் கவனிக்க வேண்டியது பாட்டின் எண்ணிக்கையை விடப் பிழை திருத்தம். ஆடியோ சிடியில் ஒரு விநாடி இசை 75 துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டிலும் 2,352 பைட். மொத்தமும் இசை. டேட்டா சிடியில் அதே துண்டில் 2,048 பைட்தான் தகவல். மீதியில் பெரும்பகுதி கூடுதல் பிழை திருத்தத்துக்குப் போகிறது. ஏன் என்றால், இசையில் ஒரு பைட் தவறினால் பிளேயர் முன்னும் பின்னும் பார்த்து ஒரு மதிப்பை ஊகித்து நிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது. ஒரு கணக்குக் கோப்பில் அப்படி ஊகிக்க முடியாது.

இதனால் நடப்பது விசித்திரமானது. சுமாராகப் பதிந்த ஆடியோ சிடி பாடிக்கொண்டேதான் இருக்கும், மெல்ல மெல்ல ஊகம் கூடும், ஒருநாள் சடசடவென்று சத்தம் வரும். எம்பி3 சிடியோ கடைசி வரை சுத்தமாகப் பாடும். திருத்த முடியாத இடம் வந்ததும் அந்தப் பாட்டில் அப்படியே நின்றுவிடும். முதல் வகையில் எச்சரிக்கை கிடைக்கிறது, ஆனால் அதற்குள் சேதம் நடந்திருக்கும். பத்திரப்படுத்தும் நகல் என்றால் இசையைக் குறுக்காத கோப்பாக டேட்டா சிடியில் போடுவதே மேல். கேட்பதற்கான நகலை ஆடியோ சிடியாகத் தனியாகப் பதிந்துகொள்ளலாம்.

திரும்பத் திரும்ப அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒளியை 15 முதல் 25 சதவீதம்தான் திருப்பி அனுப்பும். பழைய பிளேயர்களும் பழைய கார் ஸ்டீரியோக்களும் அதைத் தட்டு இல்லை என்றே நினைக்கும். ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம், பாட்டுக்கு வேண்டாம்.

வேகம்: மெதுவாகப் பதிந்தால் நல்லதா?

"ஒன் எக்ஸ்-இல் பதிந்தால்தான் சத்தம் சுத்தமா இருக்கும்" என்ற நம்பிக்கை 2X, 4X காலத்திலிருந்து வந்தது. ஒன் எக்ஸ் என்றால் பாட்டு ஓடும் அதே வேகம், 2X அதைப்போல இரண்டு மடங்கு. அந்தக் காலத்துத் தட்டுக்கு அது பொருந்தும். தட்டில் பூசும் சாயத்தின் தடிமனும் கலவையும் அது எந்த வேகத்தில் பதிவாகும் என்பதைப் பொறுத்து மாறியது. 52X தட்டின் சாயம் மிகக் குறைந்த நேரத்தில் சூடாகி மாறும்படி செய்தது. அதில் லேசர் நின்று நிதானமாகப் போனால் குறியின் ஓரம் கலங்கிப் போகும். மறுபக்கம், 52X-இல் பதிந்தால் தட்டு மிக வேகமாகச் சுழன்று அதிரும், விளிம்புப் பக்கம் பிழை கூடும். இன்றைய தட்டுகளுக்கு 16X, 24X என்ற நடு வேகமே பொதுவாக நன்றாக வருகிறது. 16X-இல் ஒரு முழுத் தட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் அவசரப்பட்டு என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

ரைட்டருக்கும் தட்டுக்கும் உள்ள பொருத்தம் வேகத்தைவிடப் பெரிது. பதியத் தொடங்கும் முன் ரைட்டர் தட்டின் உள் ஓரத்தில் ஒரு சோதனைப் பகுதியில் லேசரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து அளவை முடிவு செய்கிறது. தட்டில் பொறித்திருக்கும் குறியீட்டைப் படித்து, தெரிந்த ஆலையாக இருந்தால் தன் நினைவில் உள்ள அமைப்பை எடுத்துக்கொள்ளும். தெரியாததாக இருந்தால் பொதுவான ஓர் அமைப்பு. அதனால்தான் ஒருவர் வீட்டில் அற்புதமாகப் பதிந்த தட்டு இன்னொருவர் ரைட்டரில் சொதப்புகிறது. ரைட்டரின் மென்பொருளைப் புதுப்பித்ததும் அதே தட்டு சரியாகப் பதிவதும் உண்டு.

அந்தக் குறியீட்டை நாமும் படிக்கலாம். இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நிமிடம், விநாடி, பிரேம் என்று நேரம் மாதிரி ஒரு எண் வரும்: 97:24 என்று தொடங்கினால் தாயோ யூடென், 97:15 என்றால் ரைடெக், 97:26 என்றால் சிஎம்சி. பெட்டி மறைத்ததைத் தட்டு சொல்லிவிடும். ஒரே சிக்கல், இந்தக் குறியீடு, தட்டில் பள்ளத்தை அழுத்திப் பதிக்கும் அச்சுத் தகட்டைச் செய்தவருடையது. தகட்டை வாங்கி வேறொரு சின்ன ஆலை தன் சாயத்தைப் பூசியிருந்தால் எண் மட்டும் பெரிய இடத்துடையதாக இருக்கும். அதனால் குறியீடும் அடிப்பக்க நிறமும் ஒன்றோடொன்று ஒத்துப் போகிறதா என்று சேர்த்துப் பார்ப்பது நல்லது. தாயோ யூடென் எண்ணைக் காட்டிக்கொண்டு வெளிறிய வெள்ளியாக மின்னும் தட்டு எனக்குச் சந்தேகத்தைத்தான் தரும்.

பதியும் முறையில் ஒரு சின்ன விஷயம். பாட்டுப் பாட்டாகப் பதியும் முறையில் நடுவே இரண்டு விநாடி வெற்றிடம் விழும். சினிமாப் பாட்டுத் தொகுப்புக்கு அது தொந்தரவில்லை. ஆனால் ராகம், தானம், பல்லவி என்று தொடர்ந்து போகும் கச்சேரியில் ஆலாபனை முடிந்து தானம் எடுக்கும் இடத்தில் திடீர் மௌனம் விழுந்தால் கேட்கவே முடியாது. முழுத் தட்டையும் ஒரே மூச்சில் பதியும் முறையைத் தேர்ந்தெடுத்தால் இது வராது. அப்புறம், பதிந்த தட்டை முடித்து மூட வேண்டும். மூடாத தட்டு கம்ப்யூட்டரில் மட்டும் பாடும், வெளியே பாடாது.

இன்று என்ன கிடைக்கிறது

மேலே சொன்ன ஆறு ஆலைகளில் பாதி இப்போது இல்லை. தாயோ யூடென் 2015-உடன் இந்தத் தொழிலை விட்டது. பதிவுக்கு உலகிலேயே நம்பகமான தட்டு என்று பலரும் சொன்ன பெயர் அது.

மோசர் பேயரின் கதை இன்னும் சோகம். 1983-இல் டெல்லியில் தொடங்கி, 1999-இல் சிடி-ஆர் பக்கம் வந்து, சில ஆண்டுகளில் உலகின் பெரிய பிராண்டுகள் பலவற்றுக்குத் தட்டு செய்து கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. வெளிநாட்டில் ஆசையாக வாங்கி வந்த காலி சிடி நொய்டாவில் செய்ததாக இருந்திருக்க வாய்ப்பு நிறைய. தமிழ்நாட்டில் அதன் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது சினிமா மூலம்தான்: 2006-க்குப் பிறகு படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்று, திருட்டு சிடி விலைக்கே நிஜ சிடியைக் கொண்டுவந்தது. தட்டை நம்பிய தொழில் இணையத்தின் முன் நிற்கவில்லை. 2018-இல் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவானது. மிட்சுபிஷியும் 2019-இல் வெர்பேட்டிமை சிஎம்சிக்கு விற்க முடிவு செய்தது.

ஆகவே இன்றைக்கு நம்பி வாங்கக்கூடியது என்று கேட்டால் வெர்பேட்டிமின் அஸோ வகையை முதலில் சொல்வேன். பிராண்டைப் பார்க்காதே என்று இத்தனை நேரம் சொல்லிவிட்டு ஒரு பிராண்டைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். அதனால்தான் அஸோ என்ற சொல்லை அழுத்துகிறேன். அதே வெர்பேட்டிம் பெயரில் வேறு சாயத்தோடு மலிவான வகையும் வருகிறது. பெட்டியில் அஸோ என்று போட்டிருக்க வேண்டும், தட்டைத் திருப்பினால் அடர் நீலம் தெரிய வேண்டும். சிஎம்சி, தாயோ யூடெனின் தொழில்நுட்பத்தை வாங்கித் தொழில்முறை வகை என்று ஒன்றை விற்கிறது. கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வு. தாத்தா பாட்டி குரல், வீட்டுக் கச்சேரி மாதிரி மறுபடி கிடைக்காத பதிவுகளுக்குத் தங்கம் பூசிய தாலோசயனின் தட்டைத் தேடலாம். விலை பல மடங்கு. பொன்னிறமாகத் தெரிவதெல்லாம் தங்கம் இல்லை என்பதை அங்கேயும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில தட்டுகளில் பொன் நிறம் அச்சோடு சரி.

பழைய சரக்கு ஆன்லைனில் நிறைய வருகிறது. "தாயோ யூடென், சீல் உடைக்காதது" என்று போட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பதியாத தட்டுக்கும் வயது உண்டு. சாயம் பதிவதற்கு முன்புதான் அதிகம் மாறக்கூடியது. ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் பயன்படுத்துவது நல்லது என்பதே பொதுவான வழிகாட்டல். 2009 சரக்கு எந்த கிடங்கில், எந்த வெயிலில் கிடந்தது என்று விற்பவருக்கே தெரியாது. அதைவிட நேற்றுச் செய்த சுமாரான தட்டு மேல் என்பேன்.

வாங்கும்போது முதலில் பத்துத் தட்டுள்ள பெட்டி ஒன்று. ஒன்றை நடு வேகத்தில் விளிம்பு வரை நிரப்பிப் பதியுங்கள். வீட்டிலேயே மோசமான பிளேயர் எதுவோ, காரில் இருப்பதோ அப்பா வைத்திருக்கும் பழைய டெக்கோ, அதில் கடைசிப் பாட்டை முதலில் போட்டுக் கேளுங்கள். பிழை எண்ணும் வசதியுள்ள ரைட்டர் இருந்தால் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள்: விதிமுறைப்படி விநாடிக்கு 220 பிழைத் துண்டு வரை ஏற்கலாம், நல்ல தட்டு அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. திருத்த முடியாத பிழை ஒன்றுகூட வரக்கூடாது. தேறினால் அதே வாரம், அதே கடையில், அதே தொகுப்பு எண் போட்ட ஐம்பது தட்டு உருளையை வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அதே பெட்டிக்குள் வேறு ஆலையின் தட்டு வந்திருக்கும்.